படகில்லாத அறுபத்து மூவர்

ஒரே வாரத்தில் ஒரு ஆளை அவனுடைய அறுபத்து மூன்று மனைவிகளிடமிருந்தும் பிரித்துவிட்டவள் தேவி. கோர்ட்டு இல்லை, வக்கீல் இல்லை, பஞ்சாயத்தும் இல்லை. என் கடையில், என் கம்ப்யூட்டரில், என் கரண்டில் நடந்த வேலை இது. ஆனால் யாரைக் கேட்டாலும் தேவி, தேவி என்றுதான் சொல்கிறார்கள். வின்சென்ட் என்று ஒருவன் பக்கத்தில் நின்றான் என்பது ஒருவர் வாயிலும் வரவில்லை. அதனால் நானே எழுதிவிடுவது என்று உட்கார்ந்துவிட்டேன்.

பழவேற்காடு பஸ் நிறுத்தத்தில் ஜெராக்ஸ், ஆன்லைன், லேமினேஷன் என்று மூன்று போர்டு மாட்டிய கடை என்னுடையது. தேவி அங்கே வேலைக்கு வந்து ஐந்து வருடம் ஆகிறது. ஊர், ஏரிக்கரையிலிருக்கும் கொக்குமேடு. அவளுடைய அம்மா முத்தம்மாள் ஏரியில் கையால் தடவி இறால் பிடிக்கிறவர். தேவியும் பதினேழு வயது வரை அம்மாவோடு தண்ணீரில் இறங்கியவள்தான். பிறகு பொன்னேரியில் பி.சி.ஏ. படித்தாள். மீஞ்சூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் பெட்டிகளுக்கு ஸ்டிக்கர் ஒட்டினாள். சூப்பர்வைசரிடம், "ஸ்டிக்கர நான் ஒட்டிக்கிறேன், நீ உன் வாய ஒட்டிக்க" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள். என்னிடம் வேலை கேட்க வந்தபோது இதை அவளே சிரித்துக்கொண்டு சொன்னாள். நான் அப்போதே உஷாராகியிருக்க வேண்டும்.

மும்முரமாக வேலை செய்யும்போது பேனாவைப் பல்லில் கடித்துக்கொள்வாள். அந்த நேரத்தில் எது கேட்டாலும் "ம்" தான். ஏரியில் இறங்குகிற பெண்கள் எல்லோருக்கும் இந்தப் பழக்கம் உண்டு. இரண்டு கையும் சேற்றைத் தடவிக்கொண்டிருக்கும். பிடித்த இறாலைப் போட பறி என்று ஒரு பனையோலைக் கூடை வேண்டும். அதைப் பிடிக்கக் கை ஏது? அதன் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொள்வார்கள். ஆகவே மூன்று நான்கு மணி நேரம் ஒருத்தியாலும் வாயைத் திறக்க முடியாது. கரையேறியதும் அந்த நாலு மணி நேரத்துக்கும் சேர்த்துப் பேசுவார்கள்.

போன ஐப்பசியில் ஏரியில் தொழில் செய்கிறவர்களைக் கணக்கெடுக்க வெளியூரிலிருந்து இரண்டு பேர் டேப்லெட்டோடு வந்தார்கள். ஜனவரி முதல் தேதியிலிருந்து அட்டை இருந்தால்தான் ஏரியில் இறங்கலாம் என்று ஓர் உத்தரவு. கொக்குமேட்டுப் பெண்கள் கரையில் உட்கார்ந்து புடவையைப் பிழிந்துகொண்டிருந்த நேரம் பார்த்து அவர்கள் போனார்கள். முதல் கேள்வி, படகு எண் என்ன? படகு எண்ணைப் போடாமல் அந்த டேப்லெட் அடுத்த பக்கத்துக்கே போகாது.

இவர்களுக்குப் படகு ஏது? நடந்து போகிறார்கள், நடந்து வருகிறார்கள். ஆனால் கேட்டவரை வெறுங்கையோடு அனுப்பக் கூடாதே. கரையில் ஆதிகேசவனின் படகு ஒன்று எட்டு வருடமாகக் கவிழ்ந்து கிடக்கிறது. பெண்கள் அதன் மறைவில்தான் துணி மாற்றுவார்கள், அதன் அடியில்தான் சோற்று டப்பாவை வைப்பார்கள். அதன் பக்கவாட்டில் எண் எழுதியிருக்கிறது. முதலில் ஒருத்தி அந்த எண்ணைச் சொன்னாள். "அதான், அதே படகுதான்" என்று அடுத்தவள் சொன்னாள். இப்படியே அறுபத்து மூன்று பேரும் சொல்லிவிட்டார்கள். பொய் என்று எவருக்கும் தோன்றவில்லை, தினமும் அந்தப் படகிலிருந்துதானே தொழிலுக்குப் போகிறார்கள்.

அடுத்த கேள்வி, படகு உரிமையாளருக்கு உறவு என்ன? அந்த இரண்டு பேருக்கும் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது போலிருக்கிறது. டேப்லெட் காட்டிய உறவுகளில் எது முதலில் நிற்கிறதோ அதையே விட்டுவிட்டார்கள். பட்டியலில் முதலில் நின்றது "மனைவி".

இந்தக் கணக்கு கைமாறிக் கைமாறி, அட்டை அச்சடிக்கும் வேலையாக மார்கழி பிறப்பதற்குக் கொஞ்சம் முன்னால் என் கடைக்கு வந்தது. ஒப்பந்தம் எடுத்த கம்பெனியின் ஆள் ஜெகதீஸ்வரன் ஒரே ஒரு ஃபைலை அனுப்பிவைத்தார். திறந்து பார்த்தால் அம்புக்குறிகளாக ஓடுகிறது. நான் வைரஸ் என்று நினைத்து ஒயரைப் பிடுங்கப் போனேன்.

"ணா, சும்மா கெட. இது எக்ஸ்.எம்.எல்." என்றாள் தேவி.

"அப்டின்னா இன்னா?"

"கல்யாண சீர் பாத்திரம் பாத்துகிறியா? அண்டாக்குள்ள குண்டான், குண்டானுக்குள்ள சொம்பு, சொம்புக்குள்ள டம்ளர். அதான். ஊருக்குள்ள படகு, படகுக்குள்ள ஓனரு, ஓனருக்குள்ள குடும்பம். ஒவ்வொண்ணுக்கும் தொறக்க ஒரு அடையாளம், மூட ஒரு அடையாளம். உள்ள போவசொல்ல எத்தினி கதவு தாண்டினோம்னு ஞாபகம் வெச்சிக்கினா, அதே மாரி வெளிய வந்துடலாம்."

அதைப் படித்துப் பிரித்து ஒரு புரோகிராம் எழுதினாள். ஒவ்வொரு படகுக்கும் எத்தனை பேர் என்று திரையில் வந்தது. நாலு, ஆறு, மூன்று, ஐந்து, அறுபத்து மூன்று. பேனா அவள் பல்லிலிருந்து கீழே விழுந்தது.

"ணா, நம்ப ஆதிகேசவனுக்கு அறுவத்தி மூணு பொண்டாட்டி."

"அவனுக்கு ஒண்ணுக்கே வழியக் காணோமே!"

"அதுல எங்கம்மாவும் ஒண்ணு" என்று சொல்லிவிட்டு மேஜையில் தலையை வைத்துக்கொண்டு சிரித்தாள். நானும் கண்ணில் நீர் வரச் சிரித்தேன். அதோடு நிறுத்தியிருந்தால் இந்தக் கதையே இல்லை.

நான் டீக்கடையில் சொல்லிவிட்டேன். ஒரே ஒருவரிடம்தான் சொன்னேன். ஆனால் பழவேற்காட்டில் ஒருவரிடம் சொல்வதும் மைக்கில் சொல்வதும் ஒன்றுதான். மறுநாளே ஆதிகேசவன் தெருவில் வந்தால், "டேய், அறுபத்து மூவர் உற்சவம் வருது, வழி வுடு" என்று கத்த ஆரம்பித்தார்கள். அவனுக்கு நாற்பத்து மூன்று வயது. எத்தனையோ இடம் தட்டிப்போய், அப்போதுதான் ஆரம்பாக்கத்தில் கலைவாணி என்ற பெண்ணைப் பார்த்துப் பேசி முடித்திருந்தார்கள். அவளுடைய அண்ணன் ஃபோன் செய்து, "மாப்ள, ஏற்கெனவே எத்தினி பேரு?" என்று கேட்டானாம்.

ஆதிகேசவன் என் கடைக்கு வந்து மேஜையில் குத்தினான். "எல்லாத்தியும் அழி! இப்பவே அழி!"

"நாங்க அச்சடிக்கிறவங்கதான்பா. அழிக்கிற அதிகாரம் எங்களுக்கு இல்ல" என்றாள் தேவி. "உறவ மட்டும் மாத்தச் சொல்லி எழுதி அனுப்பிக்கிறேன். நாலு நாள் பொறு."

நாலு நாள் பொறுக்கிறவனா அவன்? நேராக மீன்துறை ஆபீசுக்கே போய், எனக்கு மனைவி என்று எவரும் கிடையாது, படகும் ஓட்டை, ஆகவே என் படகை அடியோடு நீக்கிவிடுங்கள் என்று மனு கொடுத்துவிட்டான். எதையாவது சேர்க்கச் சொன்னால்தான் மூன்று மாதம், நீக்கச் சொன்னால் மூன்றே நாள். புதன்கிழமை புது ஃபைல் வந்தது. தேவி புரோகிராமை ஓட்டினாள். படகு இல்லை. ஆதிகேசவன் இல்லை. அவனுக்குள் இருந்த அறுபத்து மூன்று பேரும் இல்லை.

"அண்டாவத் தூக்கிட்டான்" என்றாள். இந்தத் தடவை சிரிக்கவில்லை.

பட்டியலை மூடுவது வெள்ளிக்கிழமை சாயந்திரம் ஐந்து மணிக்கு. அதற்குள் பெயர் ஏறாவிட்டால் ஜனவரி முதல் தேதியிலிருந்து கொக்குமேட்டில் ஒரு பெண்ணும் ஏரியில் கால் வைக்க முடியாது. அவர்களுக்கு வேறு தொழில் தெரியாது. முத்தம்மாளுக்கு ஐம்பத்தாறு வயது. இந்த வயதில் அவரை எவன் கூப்பிட்டு ஸ்டிக்கர் ஒட்டச் சொல்வான்? எல்லாம் என் வாயால் வந்த வினை என்று எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும். அவள் ஒரு வார்த்தை திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். திட்டாமல் ஒரு பார்வை மட்டும் பார்த்தாள்.

அன்று மத்தியானம் முழுவதும் விதிமுறைப் புத்தகத்தைத் திரையில் உருட்டிக்கொண்டிருந்தாள். நாற்பத்தோராம் பக்கத்தில் ஒரு வரி கிடைத்தது. படகில்லாதவர்களையும் சேர்க்கலாம், பக்கத்தில் தொழில் செய்யும் இருவர் சாட்சி சொல்ல வேண்டும், அந்த இருவரும் அதே பட்டியலில் இருக்க வேண்டும். உடனே ஜெகதீஸ்வரனுக்கு ஃபோன் போட்டாள். அப்படி ஒரு வரி இருப்பது அவருக்கும் அப்போதுதான் தெரிந்தது. சாட்சி இருந்தால் மனு வேண்டாம், தானே பெயரை ஏற்றிவிடலாம், வெள்ளிக்கிழமை நேரில் வருகிறேன் என்று சொன்னார்.

"போச்சுடா" என்றேன். "யாரு யாருக்கு சாட்சினு எப்பிடிப் பிரிப்ப? யாரத் தலைவியாப் போடுவ? அதுக்கே ஒரு வாரம் அடிச்சிப்பாங்க."

"தலைவியே வேணாம்ணா. இனிமே எவளும் எவளுக்குள்ளயும் இல்ல." பேனாவை எடுத்து ஒரு தாளில் சின்னச் சின்னக் கட்டமாக வரைந்தாள். "ஒவ்வொருத்திக்கும் ரெண்டு கை. இந்தக் கைல இடப்பக்கம் நிக்கிறவ நம்பரு, அந்தக் கைல வலப்பக்கம் நிக்கிறவ நம்பரு. அவ்ளோதான். எவகிட்ட ஆரம்பிச்சாலும் ஒவ்வொருத்தியாப் புடிச்சிக்கினே போனா சுத்திக்கினு அவகிட்டயே வந்துடலாம்."

இது ஏதோ படிப்பில் சொல்லிக்கொடுத்த வித்தை என்று நினைத்தேன். மறுநாள் காலை ஏரிக்குப் போனபோதுதான் விளங்கியது.

தண்ணீர் இறங்கியிருந்த நேரம். பெண்கள் ஒருவருக்கொருவர் ஒரு கை இடைவெளி விட்டு நீள வரிசையாகத் தவழ்ந்துகொண்டிருந்தார்கள். அந்த வரிசையில் யாருக்குப் பக்கத்தில் யார் என்பது வருடக்கணக்காக மாறாது. பழகிய கை பக்கத்தில் இருந்தால்தான் நடுவே இறால் நழுவாது என்பது அவர்கள் கணக்கு. கடைசியில் இரண்டு முனையும் வளைந்து வந்து சேர்ந்துகொள்ளும், வட்டத்துக்குள் மாட்டியதைத் தடவி எடுப்பார்கள். ஆக, முனை என்று எவருமில்லை. தேவிக்கு அது பிறந்ததிலிருந்து தெரிந்த விஷயம். நான் இருபது வருடமாகக் கரையில் நின்று பார்த்தும் வேடிக்கையைத் தவிர எதையும் பார்க்காதவன்.

பெயரைக் கேட்டு எழுதலாமென்றால் அதில் ஏழு முனியம்மா. அதனால் பழைய ஃபைலில் இருந்த வரிசை எண்ணை ஒவ்வொருத்தியின் பறியிலும் மார்க்கர் பேனாவால் எழுதுவது என்று ஏற்பாடு. தேவி சுடிதாரை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு, ஃபோனைப் பால் கவரில் போட்டுக் கட்டிக்கொண்டு இறங்கினாள். மார்கழித் தண்ணீர். நான் கரையில் ஸ்வெட்டரோடு நின்றேன்.

"யக்கா, உனுக்கு இந்தாண்ட யாரு, அந்தாண்ட யாரு?" என்று ஒவ்வொருத்தியிடமும் கேட்டாள். பறிக் கயிறு பல்லில் இருக்கிறது, பதில் எப்படி வரும்? முழங்கையால் இடப்பக்கம் ஒரு இடி, வலப்பக்கம் ஒரு இடி. இடிபட்டவள் "ம்!" என்று முறைப்பாள். தேவி எண்ணை எழுதிக்கொண்டு அடுத்தவளிடம் போவாள். அறுபத்து மூன்று பெண்கள் ஒரு சத்தமும் இல்லாமல் ஒருத்தியை ஒருத்தி இடித்துக்கொண்டதை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

பாதி வரிசையில் ஓர் இடத்தில் மட்டும் முழங்கை அசையவில்லை. முத்தம்மாளுக்கு அடுத்து மணியம்மாள். மணியம்மாளுக்கு வலப்பக்கம் பிலோமினா. வலப்பக்கம் யார் என்று கேட்டதற்கு மணியம்மாள் வானத்தைப் பார்த்தாள். இடப்பக்கம் யார் என்று கேட்டதற்கு பிலோமினா தண்ணீரைப் பார்த்தாள்.

நாலு வருடத்துக்கு முன்னால் ஒரு பெரிய நண்டு மணியம்மாளின் கையிலிருந்து நழுவி பிலோமினாவின் பறிக்குப் போய்ச் சேர்ந்தது. அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சில்லை. கோயிலும் சர்ச்சும்கூட சமரசம் பேசிப் பார்த்துவிட்டன. ஆனால் வரிசையில் இடத்தை மட்டும் இருவரும் மாற்றிக்கொள்ளவில்லை.

வெள்ளிக்கிழமை காலை ஜெகதீஸ்வரன் கைரேகை வைக்கும் மெஷினோடு என் கடையில் வந்து உட்கார்ந்தார். பெண்கள் தெருவை அடைத்துக்கொண்டு வரிசையில் நின்றார்கள். அதுவும் தண்ணீரில் நிற்கிற அதே வரிசை. ஒருத்தி வந்து பக்கத்தில் நிற்பவளைக் காட்டி, "தெரியும்" என்று சொல்லி ரேகை வைப்பாள். தேவி அந்த இரண்டு எண்ணையும் கோத்துவிடுவாள்.

நடுவில் ஆதிகேசவன் வேறு வந்து நின்றான். முகம் செத்துப் போயிருந்தது. பெண் வீட்டார் சொந்தப் படகு இருக்கிறது என்றுதான் சம்மதித்திருந்தார்களாம். இப்போது படகே இல்லையாமே என்று கேட்கிறார்களாம்.

"தேவிமா, படகு மட்டும் திரும்பச் சேத்துடு. உள்ள ஒர்த்தரும் வேணாம். வெறும் படகு."

"அத நீதான் மனு எழுதிக் குடுக்கணும். சேக்கறதுக்கு மூணு மாசம்" என்றாள் தேவி.

வரிசையில் நின்ற அத்தனை பெண்களும் அவனைப் பார்த்து, "போய்ட்டு வாங்க" என்று ஒரே குரலில் வழியனுப்பினார்கள். ஆனால் பாவம், அவனுக்கும் அன்றைக்கே நல்லது நடந்தது. கலைவாணியே ஃபோன் செய்துவிட்டாள். "படகு கவுந்துதான் கெடக்குதுனு எனுக்குத் தெரியாதா? நான் ஆளப் பாத்துதான் சரின்னேன்." அதை ஸ்பீக்கரில் போட்டு எங்கள் எல்லோருக்கும் கேட்கவைத்தான். ஆகமொத்தம் அவன் தலை தப்பியது.

மூன்று மணிக்குள் அறுபத்திரண்டு இணைப்பு முடிந்தது. மிச்சம் ஒன்றே ஒன்று. மணியம்மாள் ஜெராக்ஸ் மெஷினுக்கு இந்தப் பக்கமும் பிலோமினா அந்தப் பக்கமும் நின்றார்கள்.

"இவங்களை உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டார் ஜெகதீஸ்வரன்.

"யாரு இது? தெரியாது" என்றாள் மணியம்மாள்.

"நானும் இந்தப் பொம்பளயப் பாத்ததில்ல" என்றாள் பிலோமினா.

எனக்குப் பொறுக்கவில்லை. "சரி, இந்த ரெண்டு பேரையும் வுட்டுட்டு மிச்ச அறுவத்தோரு பேருக்கு அட்ட போடு" என்று கத்தினேன்.

தேவி புரோகிராமை ஓட்டி, திரையை என் பக்கம் திருப்பினாள். முதலில் 63 என்று வந்தது. மணியம்மாளுக்கும் பிலோமினாவுக்கும் ஆளுக்கு ஒரு சாட்சிதான் இருந்தது, விதிப்படி இருவரும் விழுந்தார்கள். 61. அவர்கள் பட்டியலில் இல்லையென்றால் அவர்களுக்கு அந்தப் பக்கம் நின்ற இருவருக்கும் ஒரு சாட்சி குறைகிறது. 59. இரண்டாவதாக மறைந்ததில் முத்தம்மாள் பெயர் இருந்தது. 57. 55. ஒவ்வொரு சுற்றிலும் முனையில் நிற்கிற இருவர் விழுந்துகொண்டே இருந்தார்கள். 5. 3. 1. கடைசியில் நின்றவளுக்கு இரண்டு பக்கமும் எவருமில்லை. 0.

வாசலில் நின்ற பெண்களும் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் பலருக்கு எழுத்து தெரியாது, எண் நன்றாகத் தெரியும். முத்தம்மாள் மட்டும் உள்ளே வந்து மகளின் தோளில் கை வைத்தார். ஒரு டீக்கடைச் சிரிப்புக்காக இத்தனை பேரைத் தண்ணீரிலிருந்து வெளியேற்றிவிட்டேனே என்று என் மேலேயே எனக்கு ஆத்திரம் வந்தது.

எல்லோரும் இருவரிடமும் மாறி மாறிக் கெஞ்சினார்கள். கெஞ்சக் கெஞ்ச இருவருக்கும் கழுத்து நிமிர்ந்துகொண்டே போனது. மணி நாலே கால். தேவி கொஞ்ச நேரம் பேனாவைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு எடுத்துக் கீழே வைத்தாள். அவள் முகத்தில் அந்தக் குறும்பு வந்துவிட்டதை நான் பார்த்தேன்.

"மணிக்கா, அது கெடக்கட்டும். அந்த நண்டு மெய்யாலுமே பெருசா? பிலோமினாக்கா சொன்னாங்க, அது நண்டே இல்ல, குஞ்சுனு."

கடை அதிர்ந்தது. "குஞ்சா? எவ சொன்னது குஞ்சுனு? இந்தா, இம்மாம் பெருசு! கொடுக்கு மட்டும் என் கையளவு! என் வெரலுக்குள்ள வந்த நண்ட லபக்குனு வாங்கிப் பறில போட்டுக்கினவ இவ! திருடி!"

"ஐயையோ, அப்போ இவங்க எங்க இருந்தாங்க?" என்று அப்பாவியாகக் கேட்டாள் தேவி.

"எங்க இருப்பா? என் வலக்கைப் பக்கம்தான். ஒரு முழம் தள்ளி!"

"அன்னிக்கு மட்டுமா?"

"பத்தொம்போது வருசமா அங்கதான் கீறா! எனுக்குத் தெரியாதா இவள!"

தேவி ஜெகதீஸ்வரன் பக்கம் திரும்பினாள். "சார், தெரியும்னு சொல்லிட்டாங்க. போட்டுக்கோங்க."

மணியம்மாள் வாயைத் திறந்தது திறந்தபடி நின்றாள். ஜெகதீஸ்வரன் சிரிப்பை அடக்கிக்கொண்டு மெஷினை நீட்டினார். வெளியே அறுபது பெண்கள் கைதட்டும்போது இல்லை என்று மறுக்க அவளுக்கு வழியில்லை. கட்டைவிரலைக் கோபமாக அழுத்தினாள்.

இன்னும் பிலோமினா பாக்கி. அவள் உஷாராகிவிட்டாள். நண்டைப் பற்றிக் கேட்டால் வாயே திறக்க மாட்டாள் என்பது முகத்திலேயே தெரிந்தது. தேவியும் கேட்கவில்லை. ஜெகதீஸ்வரன்தான் ஃபார்மைப் பார்த்துச் சும்மா படித்தார்: "இவர் தொழில் செய்வதை நேரில் பார்த்த சம்பவம் ஏதாவது உண்டா?"

பிலோமினா தலையைத் தூக்கிப் பார்த்தாள். சுவர்க் கடிகாரத்தில் நாலு ஐம்பது.

"போன வருசம் கார்த்திகைல" என்று ஆரம்பித்தாள். "இவ கைல கெளுத்தி முள்ளு ஏறிச்சி, நைனா. உள்ளங்கைல பூந்து அந்தாண்ட வந்துச்சி. பறி வாய்ல கீது, கத்தல. கத்தினா புடிச்சதெல்லாம் கொட்டிப்புடும்ல. ஒர்த்தருக்கும் தெரியல. என் பக்கம் தண்ணி வேற மாரி ஆடிச்சி, அத வெச்சி எனுக்குத் தெரிஞ்சிது. திரும்பி முள்ள ஒடச்சி எடுத்து, என் முந்தானயக் கிழிச்சிக் கட்டினேன். நானும் பறியக் கடிச்சிக்கினுதான் இருந்தேன். ரெண்டு பேரும் ஒண்ணும் பேசிக்கல. அவ பாட்டுக்குத் தடவ ஆரமிச்சிட்டா. நானும் என் எடத்துக்குப் போய்ட்டேன்."

தேவி மணியம்மாளைப் பார்த்தாள். தேவிக்கே அது புதுச் செய்தி என்று அவள் பார்வையில் தெரிந்தது. தினமும் அதே வரிசையில் மணியம்மாளின் மறு கைப்பக்கம் இருந்த முத்தம்மாளுக்கும் தெரிந்திருக்கவில்லை.

மணியம்மாள் மெதுவாகத் தன் வலது உள்ளங்கையைப் பிரித்து ஜெகதீஸ்வரனிடம் காட்டினாள். நடுவில் ஒரு கறுத்த தழும்பு.

"அது நெஜம்" என்றாள். "அதையும் எழுதிக்கோ, நைனா. நண்டு எடுத்ததும் நெஜம், இதுவும் நெஜம். ரெண்டையும் எழுது."

பிலோமினா ரேகை வைத்தாள். தேவி கடைசி இரண்டு எண்ணைக் கோத்துவிட்டுப் புரோகிராமை ஓட்டினாள். 63. மறுபடி 63. எத்தனை சுற்று சுற்றினாலும் 63. ஐந்து அடிக்க மூன்று நிமிடம் இருக்கும்போது ஃபைல் போய்ச் சேர்ந்தது. தேவி அழுதாள். ஐந்து வருடத்தில் அன்றுதான் பார்த்தேன். நான் பார்ப்பதைப் பார்த்ததும் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "இன்னா பாக்கற? போய் எல்லார்க்கும் டீ சொல்லு. சொல்லிட்டு வாய மூடிக்கினு வா" என்றாள். முதலாளி நான்தான். போனேன்.

டீயோடு திரும்பி வரும்போது கொக்குமேடு பஸ் கிளம்ப நின்றுகொண்டிருந்தது. மற்றவர்கள் டீக்காகத் தங்கிவிட்டார்கள், பஸ் கிட்டத்தட்ட காலி. மணியம்மாள் முன்வாசலில் ஏறினாள். பிலோமினா வேண்டுமென்றே பின்வாசலுக்கு நடந்து போய் ஏறினாள். உள்ளே அத்தனை சீட்டு காலியாக இருக்க, மணியம்மாள் ஜன்னலோரம் போய் உட்கார்ந்தாள். பிலோமினா பின்னாலிருந்து நடந்து வந்து, அவளுக்கு வலப்பக்கம் உட்கார்ந்தாள். பஸ் கிளம்பித் திரும்பும் வரை பார்த்துக்கொண்டு நின்றேன். இருவரும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை.